பூங்கா டாங்கிக்கு ஏழு வரி

நெய்வேலியில் "டேங்க்" என்றால் எல்லோருக்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் அப்போது நான் சரித்திர ஆசிரியை. வாட்ஸ்அப் எங்கள் பிளாக்குக்குள் புதிதாக நுழைந்து, விடிவதற்கு முன்பே எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்த காலம். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு ராணுவ டாங்கி நின்றது. போரில் ஓடிய வண்டி என்றார்கள். எந்தப் போர், யார் ஓட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. பூங்காவைச் சீரமைத்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருநாள் பள்ளிக்கு வந்து, "ஒரு போர்டு வைக்கணும் மேடம். ஏழு வரி எழுதிக் குடுங்க. படிச்சா புல்லரிக்கணும்" என்றார்.

ஏழு வரிதானே என்று ஒப்புக்கொண்டேன். முதல் வேலையாக டவுன்ஷிப் அலுவலகத்துக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதினேன்: "பூங்காவிலுள்ள டேங்கின் வரலாற்று விவரங்களைத் தந்து உதவ வேண்டுகிறேன்." இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி டேங்க் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவப்பட்டு பிளீச்சிங் பவுடர் போடப்படுகிறது. தற்போது கசிவு ஏதும் இல்லை.

அடுத்து, பூங்கா வாட்ச்மேனிடம் போனேன். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதிரிகிட்டருந்து புடிச்சிகினு வந்த வண்டி டீச்சர். என் கண்ணால பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

"இங்கதாங்க. லாரியில வந்து எறக்கனப்போ."

வேறு வழியில்லாமல் என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சுரங்கத்தில் மண்வெட்டி எந்திரங்களின் சங்கிலிச் சக்கரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். ராணுவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டை பட்டையாய்ச் சங்கிலி போட்டு ஊரும் எதுவும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சுரண்டியும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியின் அடியில் படுத்தார், மேலே ஏறினார், துப்பாக்கிக் குழலைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்.

"இது நம்ம பைப்பு."

"எது?"

"இந்தக் குழல். மைன்ஸ்ல தண்ணி எடுத்து வெளிய விடுற பைப்பு. பைப்ப மூட்டுற இந்த வளையத்த, ஃப்ளாஞ்சைப் பாரு, நானே இது மாதிரி நூறு மாட்டியிருக்கேன்."

ஒர்க்‌ஷாப்பில் விசாரித்து வந்தார். வண்டி குழல் இல்லாமல்தான் வந்ததாம். மூக்கில்லாத முகம் போல இருக்கிறதே என்று பழைய ஆட்கள் யாரோ பரிதாபப்பட்டு ஒன்றைப் பொருத்திவிட்டார்களாம். ஒருவகையில் அலுவலகத்தின் பதில் முழுத் தப்பும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அன்று வேறு இரண்டு தடயங்கள் கிடைத்தன. நாலைந்து அடுக்குப் பச்சைப் பெயிண்டைச் சுரண்டியபோது முன்பக்கத்தில் ஓர் எண். பின்பக்க ஓரத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெல்டிங் ஒட்டு. "இது ஒர்க்‌ஷாப் வேலை இல்ல. அவசரத்துல போட்டது" என்று கணவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

லாரிக் கதை எடுபடாததில் வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் வருத்தம். அதை ஈடுகட்டுவது போல, நெல்லிக்குப்பத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் டாங்கி டிரைவராக இருந்தவர் என்றார். ராணுவத்தை விட்டு வந்து சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து, அங்கேயும் ஓய்வு பெற்றுவிட்டவர். வயது எழுபதுக்கு மேல். போன் செய்தேன். அடுத்த ஞாயிறு மனைவியையும் அழைத்துக்கொண்டு பண்ருட்டி வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். கடுகளவு சுருக்கமில்லாத வெள்ளைச் சட்டை.

டாங்கியை ஒரு சுற்று சுற்றினார். "செஞ்சூரியன்" என்று டாங்கி வகையின் பெயரைச் சொன்னார். எண்ணைப் படித்தார். தலையை ஆட்டினார்.

"என் வண்டி இல்லீங்க. நம்ம வண்டிதான். எதிரிது இல்ல. ஆனா நான் ஓட்டுனது வேற."

வாட்ச்மேன் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

"நீங்க ஓட்டினது எங்க?" என்று கேட்டேன்.

"பஞ்சாப்புல. கரும்புத் தோட்டத்துக்குள்ள வண்டிய ஒளிச்சி வெச்சிகினு காத்துகினு இருந்தோம். நான் நெல்லிக்குப்பத்துக்காரன், கரும்பப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுங்களா? ஒடிச்சிப் போட்டுகினு கடிச்சிகினு இருந்தேன். வண்டிக்குள்ள பேசறதுக்கு மைக்கு இருக்கும். கமாண்டர் காதுல கறக்கு முறக்குன்னு கேட்டிருக்கு. என்னய்யா சத்தம்னாரு. கியர் பாக்ஸ் சார்னுட்டேன்."

"அப்புறம்?"

"பொறவு மெக்கானிக் வந்து கியர் பாக்ஸப் பிரிச்சாங்க. ஒரு பகல் பூரா."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எத்தனையாவது தடவையோ கேட்கிறார்.

பிறகு என் கணவர் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய் அந்த ஒட்டைக் காட்டினார். கிழவரின் சிரிப்பு நின்றது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

"அடி வாங்கியிருக்கு. இங்க இன்ஜின். ஆளுங்க முன்னாடி. டிரைவர் வலப்பக்கம். தீ உள்ள போன மாதிரி தெரியல. ஒட்டு போட்டிருக்காங்கன்னா மறுபடி ஓட்டியிருக்காங்க. பொழச்சிருப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"உறுதியா சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. நெனைக்கிறேன், அவ்ளோதான்."

அன்று மாலை ஏழு வரியை எழுதினேன். செஞ்சூரியன் வகை, நம் படையைச் சேர்ந்தது, பின்புறம் அடிபட்டுக் களத்திலேயே செப்பனிடப்பட்டதாகத் தெரிகிறது. குழல் பின்னாளில் நம் சுரங்கத் தொழிலாளர்கள் பொருத்தியது. அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"புல்லரிக்கலையே மேடம். அந்தப் பைப்பு விஷயம் வேணுமா?"

"அதுதான் சார் இதுல நமக்கு முழுசா தெரிஞ்ச ஒரே வரி."

சிறிது யோசித்தார். "நம்ம தொழிலாளர்கள்னு வருது, அது நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த எண்ணைக் குறிப்பிட்டு ராணுவத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தேன். இம்முறை டேங்க் என்று மட்டும் விடாமல், போர்க்கள வாகனம் என்று நீட்டி எழுதினேன். பல மாதம் கழித்து, பலகை வெயிலில் ஒரு கோடையைப் பார்த்துவிட்ட பிறகு, சுருக்கமாக ஒரு பதில் வந்தது. வாகனம் தாக்குதலில் சேதமடைந்தது. செப்பனிடப்பட்டு மீண்டும் சேவைக்குத் திரும்பியது. அதிலிருந்த நால்வரும் உயிருடன் திரும்பினர். பெயர்களைத் தருவதற்கில்லை.

நெல்லிக்குப்பத்துக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "அந்தக் கடைசி வரிக்கு முந்தினத இன்னொரு தடவ படிங்க டீச்சர்" என்றார். படித்தேன். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நாலு பேரும் பொழச்சிட்டாங்களாம்."

"யாருங்க?"

"நம்ம பசங்கதான்" என்றார், அன்று காலையில்தான் நடந்த ஏதோ விபத்தைப் பற்றிச் சொல்வது போல.