பங்கு இறைச்சி எலும்பும் என் நாயின் வயிறும்

கந்தசஷ்டி விரதம் முடிந்த கையோடு எங்கள் ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். விரத நாட்களில் வீட்டில் மரக்கறிச் சமையல் மட்டும்தான். என் நாயும் என்னோடு பருப்பும் சோறும் தின்றுகொண்டு கிடந்தது. அதுவும் விரதம் காத்ததுதானே என்று, கறியில் கிடந்த எலும்பையெல்லாம் வழித்து அதன் சட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகு அது வெளிக்குப் போகவில்லை. வேலியோரம் குந்தும், முக்கும், ஒன்றும் வராமல் என் முகத்தைப் பார்க்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். இந்த வளவில் என் சொல் கேட்கிற சீவன் அது ஒன்றுதான்.

பக்கத்து வளவில் காலஞ்சென்ற என் மனுசனின் தங்கை, என் மச்சாள், இருக்கிறாள். நாய் தன் வாசல் படலையடியை அசிங்கப்படுத்துகிறது என்று விடிந்தால் என்னோடு சண்டை பிடிப்பவள். அன்று வெற்றிலைக் காம்பும் ஆமணக்கெண்ணெய்ப் போத்தலுமாக ஓடி வந்தாள். குழந்தைக்கு வயிறு கட்டினால் காம்பை எண்ணெயில் தோய்த்துப் பின்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“மச்சாள், நீங்கள் தலையைப் பிடியுங்கோ. நான் வாலைத் தூக்கிறன்.”

“காம்பைக் கொண்டுபோய் நீரே சப்பும். என்ரை நாயைத் தொட விடமாட்டன்.”

“என்ரை பிள்ளையளை இந்தக் காம்பாலைதான் வளத்தனான்!”

“அதுகள் கடிக்காதுகள். உவன் கடிப்பான்.”

அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு மிருக வைத்தியருக்கு ஃபோன் எடுத்து, எலும்பு தின்ற கதையையும் எண்ணெய்க் கதையையும் சொன்னேன்.

“சத்தி, வாந்தி எடுக்குதோ அம்மா? வயிறு வீங்கிக் கிடக்குதோ?”

“இல்லை டொக்டர். தண்ணி குடிக்குது, சாப்பாடும் கேக்குது.”

“அப்ப நல்லாத் தண்ணி வையுங்கோ. பூசணிக்காயை உப்பு, வெங்காயம் ஒண்டும் போடாமல் அவிச்சு, மசிச்சு, சோத்தோடை கொஞ்சம் குடுங்கோ. மெல்ல நடத்துங்கோ. எண்ணெய் பருக்காதேங்கோ, நுரையீரலுக்குள்ளை போயிடும். பின்னாலை ஒண்டும் வைக்கவும் வேண்டாம். எலும்பு திண்டது எண்டபடியால் பின்னேரத்துக்குள்ளை போகாட்டி இஞ்சை கொண்டு வாங்கோ. சத்தி எடுத்தால், வயிறு நொந்தால், அந்த நேரமே வாங்கோ.”

நான் மச்சாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

பூசணிக்காய் மசியலை நாய் நக்கித் தின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்தேன், மதியம் மரநிழலில் நடத்தினேன். ஒன்றுமில்லை. வெயில் சாயத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்தது. ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு, அது வருமட்டும் ஒழுங்கையில் இன்னொரு நடை நடத்துவோம் என்று இறங்கினேன். கூப்பிடாமலே மச்சாளும் பின்னால் வந்தாள்.

அவளுடைய படலையடியில் நாய் நின்றது. மணந்தது. ஒரு சுற்றுச் சுற்றிக் குந்தியது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதலில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, காய்ந்து, ஒரு துண்டு. பிறகு இன்னொன்று. பிறகு தாராளமாக!

“மச்சாள், போகுது! போகுது!” என்று அவள் கைதட்டிக் கத்தினாள். சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார். பார்க்கட்டும். கோயிலில் தேர் சுற்றி இருப்பிடத்துக்கு வந்ததுபோல எனக்குச் சந்தோசம். நாயோ மண்ணைப் பின்னங்காலால் எற்றிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

ஓட்டோவை வேண்டாமென்று சொல்லிவிட்டு மண்வெட்டி எடுக்கத் திரும்பினேன். மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

“நில்லுங்கோ, நான் அள்ளுறன். நாளைக்கும் இஞ்சையே கூட்டிக்கொண்டு வாங்கோ, போகுதோ எண்டு நான் பாக்கவேணும்.”