படகில் ஓடிய கொழுத்த எழுத்து

உப்புக்குளத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் எனக்கு ஓர் எழுத்து வடிவத்தின்மேல் மோகம். கொழுத்த எழுத்து, முனை என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் உருண்டை. அதோடு வலப்பக்கம் நல்லாய்ச் சரிந்து நிற்கும். நத்தார்ப் பண்டிகைச் சாப்பாடு முடித்த கையோடு கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆள் மாதிரி. அதில் ஒரு 'ம' போட்டால் தொப்பை குலுங்குவது தெரியும். என்னுடைய உருவமும் ஏறக்குறைய அதுதான், ஓட்டத்தைத் தவிர.

கூல் பாருக்குப் போட்டேன், பிறந்தநாளுக்குப் போட்டேன், கிரிக்கெட் பனியனுக்கும் போட்டேன். முப்பத்தோராம் நாள் நினைவுப் பதாகைக்கு மட்டும் போடுவதில்லை. ஒருமுறை போட்டுப் பார்த்ததில், செத்தவர் பந்திக்கு முந்துகிற மாதிரி இருந்தது.

தோட்டவெளியில் ஓர் அண்ணை, வருசக்கணக்காய் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனவர், முதன்முதலாய்ச் சொந்தப் படகு எடுத்தார். பெயர் 'மடு மாதா'. பின்னேரம் பங்குச் சுவாமி வந்து ஆசீர்வதித்ததும் தண்ணியில் இறக்குவது என்று ஏற்பாடு. காலையில் நான் போய் இரண்டு பக்கமும் என் செல்ல எழுத்தை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தேன். வலப்பக்கத்தில் பெயர் படகின் மூக்கைப் பார்த்துப் பாய்ந்தது. சுற்றி இடப்பக்கம் வந்தால், அதே பெயர் பின்பக்க எஞ்சினைப் பார்த்துப் பாய்கிறது. சுவரில் ஒட்டிப் பழகிய மூளை. சுவருக்கு முன்னும் பின்னும் இல்லையே.

அண்ணையின் மச்சான் அதை உடனே பிடித்துவிட்டார்.

"மாதாவுக்குக் கடல் எண்டால் பயமோ மச்சான்? திரும்பி ஓடுறா."

கரையே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. எங்கள் கரையில் பட்டப்பெயர் ஒன்று ஒட்டினால் ஸ்டிக்கர் மாதிரி இல்லை, பேரப்பிள்ளை வரைக்கும் கழலாது. முதற்படகோடு 'பின்னோடி' என்று பெயரெடுக்க அவர் தயாராயில்லை.

"இந்தப் பக்கம் கடலுக்குப் போகுது, அந்தப் பக்கம் கரைக்கு ஓடி வருது. நான் எந்தப் பக்கத்தால ஏற?" என்றார் என்னிடம். இதை மாற்றாமல் படகு தண்ணியில் இறங்காது என்றும் சொல்லிவிட்டார்.

எதிர்ப்பக்கம் சரித்துப் புதிதாய் வெட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு, கடைப் பொடியனுக்கு ஃபோன் அடித்தேன். உப்புக்குளத்தில் கரண்ட் இல்லையாம், வெட்டுகிற மெஷின் ஓடாதாம்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனுசி படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தா.

"சரியாத்தானே இருக்கு. போற பக்கம் போகட்டும். மற்றப் பக்கம் மாதா வீட்டைப் பாக்கட்டும். உங்களை நேரத்துக்குத் திரும்பி வரச் சொல்ல ஒராளாவது வேணும்."

அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், மாற்றச் சொல்லவில்லை. நான் முகத்தை நேராக்கிக்கொண்டு, அதை நினைத்துத்தான் அப்படி ஒட்டினேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை, பின்னேரம் வந்த சுவாமி உட்பட.

கிளம்பிய பட்டப்பெயர் சும்மா போகுமா? 'சரிஞ்சான்' என்று என்னில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அந்த மச்சானே கடைக்கு வந்து நின்றார்.

"சரிஞ்சான், என்ர படகுக்கும் அதே எழுத்து ஒட்டு. வாற பக்கம் இன்னும் கொஞ்சம் சரிச்சு விடு. மனுசி கேக்கச் சொன்னவ."