உப்பு அரித்த சுருதி

மரக்காணத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, யுவராணியின் சுருதிப்பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. பாவம், அவளுக்கு அது இன்று காலைதான் தெரிந்தது.

உப்பளத்து மாயவனின் மகள். இசைக்கல்லூரியில் முறையாகப் பாட்டுப் படித்தவள். இப்போது ஆரோவில் பக்கம் ஒரு பேண்டில் பாடுகிறாள்: இரண்டு வயலின், ஒரு செல்லோ, நடுவில் அசோகனின் எலெக்ட்ரிக் கிட்டார். முதல் பாட்டை அவள் மட்டும் ஆலாபனை செய்து தொடங்க வேண்டும். வாத்தியங்கள் பிறகு சேரும். ஒவ்வொரு ரிகர்சலிலும் அவை சேர்வதற்குள் சுருதியில் இம்மி இறங்கியிருப்பாள். கிட்டார் வந்து சேரும்போது காது கூசும்.

"நாளைக்குக் கச்சேரிலயும் எறங்குனன்னா சென்னையிலேர்ந்து வேற பொண்ணக் கூப்ட்டுக்குவேன்" என்று பேண்டை நடத்தும் அசோகன் நேற்றே சொல்லிவிட்டான்.

காலையில் சந்தேகம் வந்து, போனில் டியூனரைத் திறந்து பெட்டியருகே வைத்தாள். துருவேறிய ரீடு ஐந்து கட்டைக்குச் சற்றுக் கீழேயே ஒலித்தது. சின்ன வயதிலிருந்து அவள் காதில் ஊறியது அந்த இறங்கிப்போன ஐந்து கட்டைதான். இத்தனை நாள் தன் தொண்டையைத் திட்டியதெல்லாம் வீண். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடையஞ்சாவடி அரங்குக்குப் போனாள். கூட்டம் வர ஆரம்பித்திருந்தது.

"இதாண்ணா என் அஞ்சு கட்டை. எல்லாரும் இதுக்குச் சேத்துக்குங்க" என்றாள் அசோகனிடம்.

"ஏம்மா, உன் ஒருத்திக்காக நாங்க அத்தினி பேரும் எறங்கணுமா?"

"கச்சேரில பாடறவங்களுக்குத்தாண்ணா எல்லாரும் சுருதி சேப்பாங்க. நான் அப்டித்தான் கத்துக்கிட்டேன்."

அசோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையேறினான். செல்லோ வாசிக்கும் நிவேதா பெட்டியை வாங்கி, அதைக் கேட்டபடி தந்தி முறுக்கும் பிரடையைத் திருகித் தந்திகளைத் தளர்த்தினாள். அவளைப் பார்த்து வயலின்காரர்களும் தளர்த்தினார்கள். கிட்டார் மட்டும் அப்படியே இருந்தது.

விளக்கு எரிந்தது. யுவராணி பாட ஆரம்பித்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள்: அசோகன் சத்தத்தை அணைத்துவிட்டு, கிட்டார்க் கட்டையில் காதை வைத்து, அவள் குரலுக்கு ஒவ்வொரு தந்தியாகத் திருகிக்கொண்டிருந்தான். ஆறு தந்தியும் முடியுமா? ஆலாபனையை இழுத்தாள். அவன் நிமிரவில்லை. இன்னும் இழுத்தாள். பஞ்சமத்தில் வந்து நின்றாள், மூச்சு தீரப்போகிறது.

அசோகன் நிமிர்ந்தான். பெடலை மிதித்துச் சத்தத்தைத் திறந்து, தந்தியை ஓங்கி மீட்டினான்.

குரலிலிருந்து இம்மியும் பிசகவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுருதி மட்டும் இறங்கவில்லை.