உடம்புக்குப் பேசிய காசு

வினாயகமூர்த்தி தன் சம்பந்தி வீட்டுக்கு ஐந்து இலட்சம் கடன்பட்டிருந்தார். வீட்டுச் சீதனம் வேறு. அது மட்டக்களப்பில் எந்தத் தகப்பனும் கொடுப்பது. இந்த ஐந்து இலட்சம், மகள் தக்ஷாயினி பருமன் என்பதற்காகப் பேசப்பட்டது.

வெல்லாவெளி வயல்வட்டையில் கூலிக்கு வேளாண்மை வெட்டிய மனுசன் அவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. இன்றைக்கு இரண்டு உழவு இயந்திரம், ஓர் அரிசி ஆலை, கல்லடியில் மகள் பேருக்கு மாடி வீடு. வங்கிக்குப் போனால் மனேச்சர் எழும்பிக் கதிரை போடுவார். அவருக்கும் தொந்தி பெரிதுதான். அதை ஊர் முதலாளிக் களை என்றது. அதே உடம்பு மகளுக்கு வந்தபோது மூன்று இடத்துப் பேச்சு முறிந்தது.

நாலாவதாக வந்த மாப்பிள்ளை உதயரூபனின் தாய் இலட்சுமிப்பிள்ளை, பெண்ணைப் பார்த்துவிட்டுத் தொகை சொன்னார். வினாயகமூர்த்தி பேரம் பேசவில்லை. காசால் தீராத காரியத்தை அவர் அதுவரை கண்டதில்லை. மகளுக்குத் தெரியவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நாலு இலட்சம் கொடுத்தாயிற்று. வெள்ளம் அந்தப் போகத்து நெல்லை அழித்ததால் மிச்சம் இழுபட்டது.

தக்ஷாயினியோ கல்யாணமான பிறகும், தன்னைப் பார்த்த உடனேயே புருசன் ஓம் என்றவர் என்று தன் தையல் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் மகள் வீட்டில் சாப்பிட்டார்கள். தக்ஷாயினி தன் பீங்கானில் இரண்டாந்தரம் சோறு போட்டாள்.

"ஒரு இலட்சம் இன்னும் வரல்ல. அதுக்குள்ள ரெண்டு கிலோவைக் கூட்டிராத, புள்ள," என்று இலட்சுமிப்பிள்ளை சிரித்தார்.

"என்ன இலட்சம், மாமி?"

இலட்சுமிப்பிள்ளை ஒளிக்காமல் சொன்னார். வினாயகமூர்த்தியின் கை சோற்றிலேயே நின்றது. தக்ஷாயினி புருசனைப் பார்த்தாள். அவர் மீன்முள்ளைப் பீங்கானின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் கை கழுவி, உள்ளே போய்த் தையல் காசை எடுத்து வந்தாள். அது தன்னுடைய கடன், தானே தருவதாக வினாயகமூர்த்தி சொன்னார்.

"ஒடம்பு என்ட தானே, அப்பா," என்றாள். பிறகு புருசனிடம், "கைய நீட்டுங்க."

எவரிடமும் தலை குனியாத வினாயகமூர்த்தி மனதுக்குள் மருமகனைக் கெஞ்சினார். அவன் வேண்டாம் என்று கையை மடக்கினால் போதும். ஆலையையே எழுதிக் கொடுத்துவிடலாம்.

உதயரூபன் தாயைப் பார்த்தார். கையைக் கழுவி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, நீட்டினார்.

ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். கடையில் துணி அளக்கும் அதே குரலில் தக்ஷாயினி எண்ணினாள். இருபதாவது தாளும் அந்த விரித்த கையில் விழுந்தது.