ரேடியேட்டருக்குப் போன தண்ணீர்

அலங்காநல்லூர் தாண்டியதும் பஸ் ஆவி கக்கி நிற்கிறது. மடியில் மகள் காய்ச்சலில் துவண்டு கிடக்கிறாள். மதுரை டாக்டரிடம் நேற்றே போயிருக்க வேண்டும். நான்தான் ஒரு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

சாலையோரம் நாலு பாத்தி தண்டுக்கீரை, வாடிக் கிடக்கிறது. அதையொட்டி ஒரு கேஸ் தொட்டி. மார்க்கெட்டில் கழித்த முட்டைக்கோசும் தக்காளியும் அதில் புளித்து அடுப்புக்கு வாயு தருகின்றன. மிஞ்சும் கறுப்புக் கரைசல் கீரைக்கு உரம். ஒரு பெண் அந்தக் கரைசல் வாளியில் தண்ணீர் கலக்க, பக்கத்திலிருந்த இரண்டு குடங்களில் ஒன்றைத் தூக்குகிறாள்.

கண்டக்டர் ஓடுகிறார். "அக்கா, அந்த ரெண்டு குடத்தையும் குடுங்க. ரேடியேட்டர் கொதிக்குது."

"போங்கண்ணே! கெணறு வத்திப்போச்சு. மூணு நாளா ஊறுனதே இம்புட்டுத்தான். தண்ணி கலக்காம இத ஊத்துனா கீரை கருகிரும். இன்னைக்கு ஈரம் படலேன்னாலும் தாங்காது."

கேட்கலாமா, கூடாதா? மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். "பிள்ளைக்குக் காய்ச்சல்ங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவள் என் மகளின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். "இம்புட்டுச் சூட்டோடயா பிள்ளைய வச்சிருந்தே?"

அவள் குடங்களைக் கண்டக்டர் பக்கம் நகர்த்துகிறாள். "கொண்டு போங்க."

பஸ் கிளம்புகிறது. அவள் வாளியோடு பாத்திகளுக்கு நடுவே நிற்கிறாள். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடைசியில், கருகினாலும் ஒன்றோடு போகட்டும் என்பதுபோல், கலக்காத கரைசலை ஒரே ஒரு பாத்தியில் மட்டும் ஊற்றுகிறாள்.