வெறுந்தோடு தட்டிய பெர்த்தா மாமி

எங்கள் பக்கத்து வீட்டுப் பெர்த்தா மாமிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. குளத்தூர் ரோட்டோரம் இருக்கிற அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தட்டுவது. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ரெண்டு தட்டு, தோடு விலகும், பருப்பை எடுக்க வேண்டும். தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு, தோலைப் பொசுக்கிவிடும். அதனால் மாமியின் விரல்கள் எப்போதும் கறுப்பு. பள்ளியில் படிக்கும்போது அந்தக் கையைப் பேய்க்கை என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறேன். மாமி கோபப்பட்டதில்லை. தானும் விரலை விரித்துக் காட்டி எனக்கு உதவி செய்வாள்.

அந்தக் கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறது. மும்பையில் இருப்பவர்கள் காகிதத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் காதால் வாங்குவார்கள். அண்டியாபீசுக்கு எதிரே சோமன் அண்ணனின் சாயாக்கடை. அங்கே உட்கார்ந்தால் அறுபது கட்டைகளின் சத்தமும் கேட்கும். சத்தம் கூடினால் சரக்கு உண்டு, வாங்கு. குறைந்தால் சரக்கு இல்லை, வில். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் மாமியின் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் மாமா. முதுகு ஒடிந்து கடலுக்குப் போகாமல் இருக்கும் மனுஷன், கையில் ஒரு போன்.

வித்தை பலித்தது. எங்கோ ஒரு கடலில் சண்டை, கப்பல்கள் உலகைச் சுற்றிப் போயின. சரக்கேற்றிப் போன பெட்டிகள் திரும்பவில்லை. பெட்டி இல்லாமல் ஆப்பிரிக்காவில் கொட்டை மழையில் நனைந்து கிடந்தது. கொட்டை இல்லை என்றால் விற்கப் பருப்பு இல்லை, பருப்பு இல்லை என்றால் லாபம் இல்லை. சத்தம் தேய்ந்ததுமே மாமா எல்லாவற்றையும் விற்றார். பத்தாம் நாள்தான் செய்தி வந்தது. இருநூற்றுப் பத்தில் நின்ற பங்கு நூற்றறுபதுக்கு விழுந்தது. அதன்பிறகு சாயாக்கடையில் மாமா வாயைத் திறந்தால் சோமன் அண்ணன் அடுப்பையே அணைத்துவிட்டுக் கேட்பார்.

ஒரு மாதம் அண்டியாபீஸ் ஊமையாகக் கிடந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை அறுபது கட்டைகளும் ஒன்றாகக் கேட்டன.

உள்ளே நடந்ததை மாமி ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். மேனேஜர் சதாசிவன் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாராம். அடுப்பெரிக்கப் பின்னால் குவித்திருந்த பழைய தோட்டைக் கூடை கூடையாக முன்னால் கொட்டினாராம். ரெண்டு மழையில் எண்ணெயெல்லாம் கழுவிப்போன தோடு.

"மும்பையில இருந்து ஆளுவ வாறாங்க. அவங்க போறது வர தட்டணும். முழுச் சம்பளம் உண்டு. வெளிய ஆராவது வாயத் தொறந்து மிண்டினா, கொட்ட வரும்போ ஒருத்தியையும் வேலைக்கு விளிக்கமாட்டேன்."

தட்டினார்கள். கொட்டை தட்டும்போது பருப்பெடுக்க ஒரு நிறுத்தம் வரும், அந்த நிறுத்தத்தில் பேச்சும் சிரிப்பும் வரும். தோட்டில் எடுக்க ஒன்றுமில்லை, நிறுத்தமும் இல்லை. அறுபது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மழை தகரத்தில் பெய்வதுபோலத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் மாமிக்குக் குளிர்ந்ததாம். தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் தோட்டுக்குள்ளிருந்து யாரோ பதில் தட்டுவதுபோல் இருந்ததாம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் வலது கை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

மாமா அதைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டி, சத்தம் கேட்டியா? பிள்ள சுமிக்க நர்சிங் பீசை நாளைக்குக் காலையில அப்பிடியே பங்கில போடப்போறேன். ஒரு மாசத்தில இரட்டியாக்கும்."

"கப்பல் வந்துன்னு ஆராவது சொன்னாங்களா?"

"ஆரு சொல்லணும்? ஒனக்க கட்டையில்லா சொல்லுது."

மாமாவிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி. முன்பொரு தடவை மாமிக்குப் பித்தப்பையில் கல் என்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் பஸ்சில் திரும்பி வருவதற்குள் மாமா சொல்லி மாதா கோயிலில் அதற்காக ஜெபம் முடிந்துவிட்டது. சொன்னால் அறுபது பேரின் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் மகளின் படிப்பு போகும்.

விடிந்ததும் அவள் ரெண்டு கைகளையும் மல்லாத்தி மாமாவின் போன்மேல் வைத்தாள்.

"என்னட்டி இது? கைய எடு."

"பாருங்க."

"என்னத்தப் பாக்க? கை."

பிறகுதான் பார்த்தார். ஒரு பகல் முழுக்கத் தட்டியும் விரலில் கறுப்பு ஏறவில்லை. கல்யாணம் கழிந்து அந்த நிறத்தில் அந்தக் கைகளை அவர் கண்டதில்லை. முகர்ந்தும் பார்த்தார், சோப்பு வாசனை. செத்தவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்தும்போதுதான் கை அப்படி வெளுத்திருக்கும்.

"வெறுந்தோடா?"

மாமி அவர் உதட்டில் விரலை வைத்தாள். வேலைக்குப் போனாள்.

ஒன்பதேகாலுக்குப் பங்குச் சந்தை திறக்கும். மாமி உள்ளே கடிகாரத்தைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். எதிர்க்கடையில் மாமா இருப்பார். வாயைத் திறந்திருந்தால் இந்நேரம் சதாசிவன் ஓடி வந்திருப்பார். ஒன்பதரை. பத்து. யாரும் வரவில்லை.

கடையில் சோமன் அண்ணன் போனோடு நின்றிருந்தார். கூரை மாற்ற வைத்திருந்த பணம் முழுவதும் அதில்.

"நீ போட்டியாடே?" என்று கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார். ரோட்டுக்கு அந்தப்பக்கம் அறுபது கட்டைகளும் நிறுத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. மூடிக்கொண்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவை.

சோமன் அண்ணன் பொத்தானை அமுக்கினார்.

மும்பைக்காரர்கள் வந்து போன பிறகும் சதாசிவன் தட்டை நிறுத்தவிடவில்லை. மூன்றாம் வாரம் கம்பெனி கணக்கை வெளியிட்டது. லாபத்தில் மூன்றில் ரெண்டு பங்கு காணோம். பங்கு தொண்ணூறுக்கு விழுந்தது. அன்று மத்தியானமே கட்டைகள் நின்றன. கரண்டு போனதுபோல் ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

மறுநாள் மாமாவும் மாமியும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். சோமன் அண்ணன் ரெண்டு சாயா அடித்துவைத்தார்.

"நீ மட்டும் எப்பிடிடே தப்பிச்ச?"

மாமா கிளாசைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலேஜில பீசு கெட்டுக கடைசி நாளு அன்னைக்காக்கும். அதான் போடல்ல."

சோமன் அண்ணன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமியின் பக்கம் ஒரு பன்னை நகர்த்தி வைத்தார்.

"நல்லதாப் போச்சு மக்கா. பிள்ளைக்க படிப்பாவது தப்பிச்சுதே."

மாமி பன்னைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாளாம். தின்னவும் முடியவில்லை, திருப்பி வைக்கவும் முடியவில்லை.