என் படத்துக்கு நானே போட்ட மல்லிகைச் சரம்

அந்தச் சனிக்கிழமை காலை நான் செய்தது மிகச் சாதாரணமான காரியம். கையால் செய்த ஒரு பூச்சரத்தை ஒரு படத்தின் மேல் தொங்கவிட்டு அளவு பார்த்தேன். போட்டோ எடுத்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

வார நாளில் எனக்கு அலுவலக வேலை. சனி, ஞாயிறு பாலிமர் கிளே என்ற செயற்கைக் களிமண். சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, வேண்டிய வடிவம் பிடித்து, சின்ன ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும். தோடு, பதக்கம், கொண்டையில் செருகும் பூ என்று செய்வேன். ஜார்ஜ்டவுன் நகரில் பதினோராம் மாடியில், அம்மாவும் நானும் மட்டும் இருக்கும் வீட்டின் சாப்பாட்டு மேசைதான் என் பட்டறை.

எங்கள் தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவிலிருந்து வேலைக்கு வரும் தோழி ஒருத்திக்கு அண்மையில் அப்பா தவறிவிட்டார். அவர் படத்துக்குத் தினமும் பூ வாங்கிப் போட முடியவில்லை என்று வருத்தப்பட்டாள். வாடாத மல்லிகைச் சரம் ஒன்று செய்து தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒவ்வொரு மொட்டையும் உருட்டி, நுனியைக் கிள்ளி, அடியில் துளி பச்சை ஒட்டி, ஓடு ஒன்றின் மேல் அடுக்கிச் சுட்டு, நூலில் கோத்தேன். மூன்று வாரச் சனி, ஞாயிறு போனது.

சரம் படத்தின் இரண்டு பக்கமும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தோழி சொன்ன அளவில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம்தான். பட்டமளிப்பு அங்கியில் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி அம்மா அதை மாட்டியிருந்தார். சரத்தை அதன் மேல் போட்டேன். பக்கத்துக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. ஆனால் அழகாக இருந்தது. நிஜப் பூ தோற்கும் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் இருப்பது யார் என்பது மனசில் ஏறவே இல்லை. போட்டோ எடுத்து, கீழே தமிழில் எழுதினேன்: “தோழியின் அப்பா படத்துக்காக நான் செய்த மல்லிகைச் சரம். அளவு பார்க்க என் படத்தில். வாடாது.”

பிறகு போனைச் சத்தமில்லாமல் வைத்து அறைக்குள் போட்டேன். வெள்ளைக் கிளேயில் ஒரு தூசி விழுந்தாலும் கறுப்பாகத் தெரியும். அதனால் மின்விசிறியை நிறுத்துவேன், கையை ஈரத் தாளால் துடைப்பேன், போனைத் தொடவே மாட்டேன். குறைந்த அளவுக்கு மொட்டு உருட்ட உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வாசலில் பூட்டைச் சாவி சுரண்டுகிற சத்தம். உள்ளே நுழையாமல் சுரண்டிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் திறந்தேன்.

அம்மா நின்றார். மதியம் வரை, பாலத்துக்கு அக்கரையில் பத்து காவான் ஊரில், கம்பெனியில் இருக்க வேண்டியவர். துப்புரவு வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. பின்னால் அவருடைய மேற்பார்வையாளரான மலாய் அக்கா, தான் ஓட்டி வந்த காடியின் சாவியைக் கையில் பிடித்தபடி. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தார். முழங்கை வரை தடவினார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“பாத்தீங்களா, பிள்ளை நல்லாத்தானே இருக்கு,” என்று மலாயில் சொன்னார் அந்த அக்கா.

“படத்துக்கு யாரு மாலை போட்டா?” அம்மா கேட்டார்.

“நாந்தாம்மா. அளவு பாக்க.”

அம்மா மாலையையே பார்த்தார். எனக்கு ஏனோ கோபம் வந்தது. “செத்துப்போனவ எப்படிம்மா ஸ்டேட்டஸ் போடுவா? கீழயே எழுதியிருக்கேன்லா.”

“எழுதியிருக்க,” என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கம்பெனி நிற்கும் இடத்தில் முன்பு இருந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்தான் அவர் பிறந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அவருடைய போனில் ஒவ்வொருவர் பெயருக்கும் படம் வைத்துக் கொடுத்ததே நான்தான். பேசி அனுப்புவார், படம் பார்ப்பார். காலைத் தேநீர் நேரத்தில் முதலில் திறப்பது என் ஸ்டேட்டஸ். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், எழுதிவிட்டேன், விளங்கும் என்று இருந்திருக்கிறேன். அவரோடு தேநீர் குடிக்கிறவர்கள் நேப்பாளிகளும் மலாய்க்காரர்களும். தமிழ் எழுத்தை யாரிடம் காட்டிக் கேட்பார்?

“ஆறாம் மாடி அண்ணன் செத்தப்ப, அவரு போன்லருந்துதான் அவரு மவன் மாலை போட்ட படத்தப் போட்டான். அந்த மாதிரின்னு நெனச்சேன்,” என்றார், ஏதோ தான் தவறு செய்ததைப் போல.

மலாய் அக்கா தண்ணீர் குடித்துவிட்டு விடைபெற்றார். நான் அறைக்குள் போய்ப் போனை எடுத்தேன். அம்மாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே வந்தவை படிக்கத் தெரிந்தவர்களின் பதில்கள். “ஒனக்கே மாலையா, நல்ல ஆளு லா நீ.” “சூப்பர், எனக்கும் ஒன்னு.” சிரிப்பு முகங்கள்.

அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் நான்கு. முதலாவது, “மா, போன எடு.” இரண்டாவதும் அதேதான், மூச்சு வாங்கியது. மூன்றாவதில் அவர் என்னிடம் பேசவில்லை. “இது எம் மவ போனு. யாரு வச்சிருக்கீங்களோ, தயவு செஞ்சு எடுங்க. நான் அம்மா பேசறேன். வந்துக்கிட்டிருக்கேன், அதுவரைக்கும் எங்கயும் கொண்டு போயிறாதீங்க.” நான்காவதில் பேச்சே இல்லை. பாலத்தில் ஓடும் காடியின் இரைச்சல் மட்டும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூன்றாவதை இன்னொரு முறை கேட்டேன். என்னை எங்கேயும் கொண்டு போய்விடாதீர்கள் என்று யாரோ தெரியாத ஒருவரைக் கெஞ்சுகிறார். அப்போது நான் மேசையில் மொட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அம்மா நாற்காலி மேல் ஏறிச் சரத்தைக் கழற்றியிருந்தார். கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருந்த? படி.”

படித்தேன்.

“இன்னொரு தடவ.”

மறுபடியும் படித்தேன். தலையாட்டினார். சரத்தைக் கையில் ஏந்திப் பார்த்து, “பூ நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட சீக்கிரம் குடுத்துரு, இங்க வேணாம்,” என்றார். உப்பும் மிளகாயும் எடுத்து வந்து என்னைச் சுற்றிப் போட்டார். வேறு நாளாக இருந்தால் கிண்டல் செய்திருப்பேன். கிளே ஒட்டிய கையோடு அசையாமல் நின்றேன்.

ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் நீல நிறத்தில் ஒரு ஜோடி தோடு செய்தேன். ஊருக்குப் போடும் முன் படத்தை அம்மாவுக்கு மட்டும் அனுப்பி, மைக்கை அழுத்தி, “அம்மா, இது தோடு. சங்குப்பூ மாதிரி. நான் ஆபீசுக்குப் போட்டுக்க,” என்று பேசினேன்.

தேநீர் நேரத்தில் பதில் வந்தது. பின்னால் நாலைந்து பேர் பேசும் இரைச்சல்.

“தோடுன்னு தெரியுதுலா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசா இருக்கு, பாரு.”

அளந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.